எங்கே கட்டுவது? பனையோலைப் பெட்டிக்கு ஆர்எஃப்ஐடி டேக் போட்ட கதை

அந்தக் கார்ட்டனுக்குள் 24 ஓலைப்பெட்டி இருக்கிறது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை, அடுக்கி மூடி நாடா ஒட்டியவன் நான்தான். ஒவ்வொரு பெட்டியிலும் கட்டியிருந்த ஆர்எஃப்ஐடி டேக்கை, அதாவது ரேடியோ அலையால் தன் எண்ணைச் சொல்லும் சின்ன அட்டையை, வாசிக்கிற ரீடரைப் பக்கத்தில் பிடித்தால் 17 என்றது. கார்ட்டனைத் திருப்பி வைத்தேன், 19. தூக்கி மேசையில் வைத்தேன், 16. ஓலை கொண்டுவந்து இறக்கிக்கொண்டிருந்த காரைநகர் மாமி கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுக் கேட்டார்: "என்ன தம்பி, எண்ணத் தெரியாத மிஷினுக்கோ இவ்வளவு காசு குடுத்தனீங்கள்?"

இது நடந்தது 2023இல். ஸ்டோர் கைதடிப் பக்கம். நாங்கள் பெரிய நிறுவனம் ஒன்றும் இல்லை. தீவுப் பகுதியிலும் வடமராட்சியிலும் வீடுகளில் இருந்து பெண்கள் இழைத்துத் தரும் பெட்டி, கடகம், சுளகு, பாய் எல்லாவற்றையும் கிழமைக்கு ஒரு தடவை சேர்த்து, தரம் பார்த்து, வெயிலில் காயவைத்து, விளிம்பில் நீட்டிக்கொண்டிருக்கும் ஓலை நுனிகளை வெட்டி, கார்ட்டனில் அடைத்து, லொறியில் ஏற்றி ஏ9 வீதியால் கிட்டத்தட்ட 400 கிலோமீற்றர் தாண்டிக் கொழும்புத் துறைமுகத்துக்கு அனுப்புகிற இடம். கணினி தெரிந்தவன் என்று அங்கே நான் ஒருவன்தான், அதனால் இந்த வேலை என் தலையில் விழுந்தது.

முதலில் ஒரு சொல் சிக்கலைத் தீர்த்துவிடுகிறேன். யாழ்ப்பாணத்தில் பெட்டி என்றால் ஓலைப்பெட்டியும் பெட்டிதான், காட்போட் பெட்டியும் பெட்டிதான், இதனால் எங்கள் ஸ்டோரிலேயே ஆளுக்கு ஆள் பிழையாக விளங்கிக்கொண்ட நாட்கள் உண்டு. இங்கே பெட்டி என்றால் ஓலைப்பெட்டி, மற்றது கார்ட்டன்.

கடிதம் வந்த நாள்

வெளிநாட்டுக் கடைத்தொகுதி ஒன்று எங்களிடம் சில ஆண்டுகளாகப் பெட்டி வாங்கி வருகிறது. பெயர் வேண்டாம். அவர்களிடமிருந்து ஒரு கடிதமும் தடித்த கையேடு ஒன்றும் வந்தன. குறிப்பிட்ட தேதிக்குப் பிறகு விற்பனைக்குப் போகும் ஒவ்வொரு பொருளிலும் ஆர்எஃப்ஐடி டேக் இருக்க வேண்டும், எந்தக் கார்ட்டனில் எது எத்தனை என்ற பட்டியல் சரக்கு போய்ச் சேர முன்பே மின்வழி அனுப்பப்பட வேண்டும், அவர்களுடைய களஞ்சியத்து வாசலில் ரீடர் வாசிக்கும் எண்ணிக்கையும் எங்கள் பட்டியலும் ஒத்துப்போகாவிட்டால் டெபிட் நோட். அதாவது தண்டம், நமக்கு வரவேண்டிய காசிலேயே கழித்துக்கொள்வார்கள்.

முதலாளி கடிதத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார், "ஸ்டிக்கர்தானே, ஒட்டி விடுவம்." பிறகு நாங்கள் பட்ட பாடு முழுவதும் இந்த ஒரு வசனத்திலிருந்துதான் தொடங்கியது. அவரைக் குறை சொல்லவில்லை, நானும் அப்படித்தான் நினைத்தேன். பார்கோட் ஒட்டியவர்கள் நாங்கள், அது எங்கே ஒட்டினாலும் ஸ்கானர் கண்ணுக்குத் தெரிந்தால் போதும். ஆர்எஃப்ஐடிக்குக் கண் தெரியத் தேவையில்லை என்று எல்லா விளம்பரங்களிலும் போட்டிருந்தார்கள். கண் தெரியத் தேவையில்லைதான். ஆனால் இடம் தேவை. அது எந்த விளம்பரத்திலும் இல்லை.

இது புதுக் கதை அல்ல

இருபது ஆண்டுகளுக்கு முன்பே பெரிய நிறுவனங்கள் இதே பாடத்தைக் காசு கட்டிப் படித்துவிட்டன. 2003 ஜூனில் அமெரிக்காவின் வால்மார்ட் தன்னுடைய முதல் 100 விநியோகஸ்தர்களுக்கு அறிவித்தது: 2005 ஜனவரியில் இருந்து கார்ட்டனிலும், கார்ட்டன்களை அடுக்கி ஏற்றும் பலெட் என்ற தட்டிலும் டேக் இருக்க வேண்டும். அதே ஆண்டில் அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களமும் தன் விநியோகஸ்தர்களிடம் இதைக் கேட்டது. ஜெர்மனியின் மெட்ரோ குழுமம் 2004 இறுதியில் தொடங்கியது. அப்போது டேக்கின் விலை இன்றைய விலை அல்ல, ஒன்றை 5 அமெரிக்கச் சதத்துக்குக் கொண்டுவருவதே பெரிய இலக்காகப் பேசப்பட்ட காலம். எல்லோரும் ஒரே மொழி பேசும் டேக் தரமே, அதாவது இன்று ஜென்2 என்று சொல்வது, 2004 டிசம்பரில்தான் ஏற்றுக்கொள்ளப்பட்டது. கெடுவுக்குச் சில கிழமைகளே இருந்தன! தரம் பிறக்க முதலே கட்டளை பிறந்துவிட்டது.

விநியோகஸ்தர்கள் என்ன செய்தார்கள்? பலர் சரக்கை வழக்கம் போலவே செய்து, வழக்கம் போலவே அடுக்கி, லொறி வாசலில் நிற்கும்போது கடைசியாக ஒரு டேக்கை ஒட்டி அனுப்பினார்கள். தங்கள் களஞ்சியத்தில் அதை ஒருவரும் வாசிக்கவில்லை. கேட்டவருக்காக ஒட்டினார்கள், அவ்வளவுதான். 2005இல் ஆர்கன்சா பல்கலைக்கழகம் வால்மார்ட் கடைகளில் செய்த ஆய்வில் தட்டில் சரக்கு இல்லாமற் போவது 16 சதவீதம் குறைந்தது என்று வந்தது. நல்ல முடிவுதான், ஆனால் கவனித்துப் பாருங்கள், நன்மை கிடைத்த இடம் கடைத் தட்டு, செலவு விழுந்த இடம் விநியோகஸ்தர் மேசை. வால்மார்ட்டின் இன்னொரு கடைத்தொகுதியான சாம்ஸ் கிளப் 2008இல் டேக் இல்லாத பலெட் ஒன்றுக்கு 2 டொலர் அறவிடப்போவதாகச் சொல்லி, அடுத்த ஆண்டே அதை 12 சதமாகக் குறைத்ததிலிருந்தே கட்டாயம் எவ்வளவு தூரம் இழுபட்டது என்று விளங்கும்.

பிறகு கதை துணிக்கடைப் பக்கம் திரும்பியது. கார்ட்டனை விட்டுவிட்டு ஒவ்வொரு உடுப்பிலும் டேக் என்று ஆனதும் அது உண்மையாகவே வேலை செய்யத் தொடங்கியது, துணிக்கு அலையைத் தடுக்கும் குணம் இல்லை, ஒரே காற்சட்டைக்குப் பத்து அளவு, எண்ணிப் பார்ப்பது பெரிய தலையிடி. 2010இல் வால்மார்ட் ஜீன்ஸில் தொடங்கி, 2022இல் வீட்டுப் பாவனைப் பொருட்கள், விளையாட்டுப் பொருட்கள், மின்னணுப் பொருட்கள் என்று விரித்தது. மற்றக் கடைகளும் பின்னால் வந்தன. வீட்டுப் பாவனைப் பொருள் என்ற அந்த ஒரு சொல்லுக்குள் காரைநகர் மாமி இழைத்த பெட்டியும் அகப்பட்டுக்கொண்டது.

டேக் என்றால் என்ன, சுருக்கமாக

ஒரு மெல்லிய அன்டெனா, நடுவில் மணல் பருமனில் ஒரு சிப். பற்றரி இல்லை. ரீடர் அனுப்பும் அலையிலிருந்தே கொஞ்சம் சக்தியை எடுத்து, அதே அலையைத் திருப்பி அனுப்பித் தன் எண்ணைச் சொல்லும். அலைவரிசை 860 முதல் 960 மெகாஹேர்ட்ஸ் வரை, ஐரோப்பாவுக்கு ஒரு துண்டு, அமெரிக்காவுக்கு இன்னொரு துண்டு. டேக் எல்லா நாட்டிலும் வேலை செய்யும், ரீடர்தான் நாட்டுக்கு நாடு மாறும், அதோடு ரீடர் அலை பரப்பும் கருவி என்பதால் இங்கே தொலைத்தொடர்பு ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவின் அனுமதி பார்க்க வேண்டிய பொருள். வெளிநாட்டில் இருக்கும் மச்சானிடம் சொல்லிப் பழைய ரீடரை எடுப்பிக்கலாம் என்று நினைப்பவர்கள் இந்த இரண்டையும் முதலே யோசியுங்கள்.

இந்த அலைக்கு இரண்டு எதிரிகள். உலோகம் திருப்பி அடிக்கும், தண்ணீர் குடித்துவிடும். ஓலை காய்ந்த பொருள், உலோகம் இல்லை, எனவே எங்களுக்குப் பிரச்சினையே இல்லை என்று நான் முதலாளிக்குச் சொன்னேன். ஓலையில் அப்படித்தான். பெட்டியில் அப்படி இல்லை.

எண்ணில் விட்ட பிழைகள்

டேக்குக்குள் எழுதும் எண் 96 பிட், அதாவது 0 அல்லது 1 எழுதும் 96 இடம். அதில் 8 தலைப்பு, 3 வடிகட்டி, 3 பிரிவு, 44 நிறுவன எண்ணும் பொருள் எண்ணும், மிச்சம் 38 தொடர் எண். எங்கள் பார்கோட் 479இல் தொடங்கும், பார்கோட் எண்களை வழங்கும் ஜிஎஸ்1 அமைப்பு இலங்கைக்குக் கொடுத்த எண். பார்கோட்டில் இருப்பதை அப்படியே டேக்கில் எழுதினால் போதும் என்று நினைத்துக் கடைசி இலக்கத்தையும் சேர்த்து எழுதிவிட்டேன். பார்கோட்டின் கடைசி இலக்கம் சரிபார்ப்பு இலக்கம், அது டேக்குக்குள் போவதில்லை. ஒரு றோல் வீண். வாசித்தால் உலகத்தில் இல்லாத ஒரு பொருளின் பெயர் வந்தது.

தொடர் எண் பிழை இன்னும் மோசம். 38 பிட் என்றால் சுமார் 27,487 கோடி எண்கள், எங்கள் தலைமுறைக்கும் பேரப்பிள்ளைகள் தலைமுறைக்கும் காணும். அப்படியிருந்தும் இரண்டு மடிக்கணினியில் இரண்டு பொடியன்கள் ஒரே நாளில் அச்சடித்தபோது இருவருமே 1இல் இருந்து தொடங்கினார்கள். ஒரே எண் உள்ள இரண்டு டேக்கை ரீடர் ஒன்றாகத்தான் எண்ணும். எது எங்கே போனது என்று தேடி இரண்டு நாள் போனது. பிறகு நான் ஒரு கொப்பி எடுத்து, எந்தக் கிராமத்துக் குழுவுக்கு எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரை என்று பிரித்து எழுதினேன். மென்பொருள் விற்பவர்கள் சிரிப்பார்கள், ஆனால் அந்தக் கொப்பி இன்றுவரை ஒரு எண்ணைக்கூட இரண்டு தரம் விடவில்லை. அதில் கிடைத்த இலாபம் வேறு: ஒரு பெட்டியின் விளிம்பு அவிழ்ந்தது என்று முறைப்பாடு வந்தால், டேக் எண்ணைப் பார்த்தே எந்த ஊர்க் குழு இழைத்தது என்று சொல்லலாம்.

அப்புறம் செட் விவகாரம். சிறிது, நடு, பெரிது என்று மூன்று பெட்டி ஒன்றுக்குள் ஒன்று வைத்து ஒரு செட்டாக விற்கிறோம். நாங்கள் மூன்றிலும் டேக் கட்டினோம், ஒவ்வொரு பொருளிலும் என்றுதானே கடிதத்தில் இருந்தது. கடைக்காரருக்கு அது ஒரு பொருள், ஒரு பார்கோட், ஒரு விலை. அங்கே போனதும் ஒரு செட் மூன்று செட்டாக எண்ணப்பட்டது. கிடைத்த சரக்கு பட்டியலில் உள்ளதைப் போல மூன்று மடங்கு என்று மின்னஞ்சல் வந்தபோது முதலாளி கொஞ்ச நேரம் சந்தோஷமாகக்கூட இருந்தார். பிறகு டெபிட் நோட் வந்தது.

பதினேழு, பத்தொன்பது, பதினாறு

இனி முதலில் சொன்ன கார்ட்டனுக்கு வருகிறேன், ஏனென்றால் நாங்கள் உண்மையிலேயே ஏதாவது கற்றுக்கொண்டோம் என்றால் அது அங்கேதான்.

அது தனிப்பெட்டி. அடி குறுகி, வாய் அகன்று, விட்டம் ஏறக்குறைய 30 சென்ரிமீற்றர். ஆறு பெட்டியை ஒன்றின் மேல் ஒன்று செருகி ஒரு அடுக்கு, நான்கு அடுக்கு ஒரு கார்ட்டன். டேக் ஒரு தொங்கட்டியில், அதாவது நூலில் தொங்கும் அட்டையில்; அதை விளிம்பை நாரால் பொத்தி முடிக்கிற இடத்தில் கட்டியிருந்தோம், அங்கேதான் நூல் நுழையும் இடைவெளி இருக்கும். அடுக்கும்போது பொடியன்கள் எல்லாத் தொங்கட்டியையும் ஒரே பக்கம் வரும்படி நேராக வைத்தார்கள். பார்க்க அழகு. கையேட்டில் இருந்த படமும் அப்படித்தான் இருந்தது, ஆனால் அந்தப் படம் கடைத் தட்டில் தனியாக நிற்கும் பெட்டியின் படம், கார்ட்டனுக்குள் நெருங்கி நிற்கும் பெட்டியின் படம் அல்ல.

செருகியதும் என்ன நடக்கிறது என்றால், தொங்கட்டி இரண்டு பெட்டிச் சுவருக்கு நடுவில் அமுங்கித் தட்டையாகிறது. அதற்கு அடுத்த பெட்டியின் தொங்கட்டி அதே நேரில், ஓலைச் சுவர் ஒன்றின் பருமன் மட்டும் தள்ளி. ஆறு அன்டெனா ஒன்றின் முதுகில் ஒன்று ஒட்டிக்கொண்டு நிற்கிற மாதிரி. அன்டெனா இப்படிப் பக்கத்தில் பக்கத்தில் இணையாக வந்தால் ஒன்றை ஒன்று குழப்பும், எந்த அலைவரிசைக்கு இசைந்து செய்யப்பட்டதோ அதிலிருந்து விலகிப்போகும், முன்னால் நிற்பது பின்னால் நிற்பதற்கு நிழல் விழுத்தும். இது ஆர்எஃப்ஐடி செய்பவர்களுக்குத் தெரிந்த விஷயம்தான். எனக்குத் தெரியாது. நான் முதலில் ரீடரின் சக்தியைக் கூட்டினேன். கூட்டியதும் எண்ணிக்கை 31 ஆனது! கார்ட்டனில் 24, வாசித்தது 31. மேசை ஓரத்தில் கிடந்த டேக் றோலில் இருந்தும் சில, சுவருக்கு அந்தப்பக்கம் ராக்கையில் இருந்த பெட்டிகளில் இருந்தும் சில, எங்கள் கூரை தகரம், அலை அதில் பட்டுத் தெறித்து எங்கெல்லாமோ போய்வந்தது.

றோலுக்கு வைத்தியம் உடனே கிடைத்தது. பழைய பிஸ்கட் ரின் ஒன்றுக்குள் வைத்து மூடினேன், ஒரு டேக்கும் பேசவில்லை. இதை நம்பாமல் மூடியைத் திறந்து, மூடி, திறந்து, மூடி, நான் சின்னப்பிள்ளை மாதிரி விளையாடிக்கொண்டிருந்ததை மாமி பார்த்துக்கொண்டிருந்தார்.

சக்தியைக் குறைத்துவிட்டு அடுக்கை வெளியே எடுத்து ஒவ்வொன்றாகப் பிரித்தோம். பிரித்து மேசையில் பரப்பினால் ஆறும் வாசிக்கிறது. செருகினால் நான்கு, சில வேளை மூன்று. டேக் பழுதில்லை, ரீடர் பழுதில்லை. மாமி ஒரு பெட்டியைக் கையில் எடுத்து, விளிம்பைத் தடவிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஆர் இதை அடுக்கினது? பொத்தி முடிச்ச இடம் எல்லாம் ஒரு பக்கமா வைச்சா அடுக்குச் சரிஞ்சு போகுமெல்லே. நாங்கள் ஒண்டை வைச்சா, அடுத்ததைக் கொஞ்சம் திருப்பித்தான் வைக்கிறனாங்கள்."

விளிம்பில் நார் முடிகிற இடம் மற்ற இடத்தைவிடத் தடிப்பு. ஆறு தடிப்பும் ஒரு பக்கமாக வந்தால் அடுக்கு அந்தப் பக்கம் உயர்ந்து மற்றப் பக்கம் சாயும். அதற்காக அவர்கள் வீட்டில் அடுக்கும்போது ஒவ்வொரு பெட்டியாகக் கொஞ்சம் கொஞ்சம் திருப்பி அடுக்குவார்கள், அப்படியே எங்களிடம் தருவார்கள், நாங்கள்தான் வாங்கி, தரம் பார்க்கப் பிரித்து, அழகாக அடுக்குகிறோம் என்று கெடுத்துக்கொண்டிருந்தோம்.

விட்டம் 30 என்றால் சுற்றளவு 94 சென்ரிமீற்றர் வரும். ஆறால் பிரித்தால் ஒரு தொங்கட்டிக்கும் அடுத்ததுக்கும் இடையில் 15 சென்ரிமீற்றருக்கு மேல். எங்கள் டேக்கின் நீளம் அதைவிடக் குறைவு. மாமி திருப்பித் திருப்பி ஆறையும் அடுக்கினார், நான் ரீடரைப் பிடித்தேன். ஆறு. நான்கு அடுக்கையும் அப்படியே செய்து கார்ட்டனில் வைத்தோம். இருபத்துமூன்று. கார்ட்டனைக் கொஞ்சம் திருப்பினேன், இருபத்துநான்கு.

அந்தக் கடைசி ஒன்றுக்குக் காரணம் வேறு. டேக் தன் நீட்டுப்பக்க நுனியை ரீடருக்குக் காட்டிக்கொண்டு நின்றால் வாசிப்பது கஷ்டம், எந்த நல்ல அன்டெனாவுக்கும் அந்தத் திசை குருட்டுத் திசை. கார்ட்டன் அசைந்துகொண்டு போனால் ஏதாவது ஒரு கணத்தில் அகப்படும். பெரிய களஞ்சியங்களில் இதற்காக வாசலின் இரண்டு பக்கமும் மேலும் அன்டெனா வைப்பார்கள். எங்களிடம் முதுகு உடைந்த சுழல் கதிரை ஒன்று இருந்தது. கார்ட்டனை அதில் வைத்து ஒரு சுற்றுச் சுற்றுவோம், ரீடர் நேரே நிற்கும். இன்றும் அதுதான் எங்கள் வாசல்.

எங்கே கட்டுவது, எப்போது கட்டுவது

இதற்குப் பிறகுதான் எங்களுக்குக் கேள்வியே விளங்கியது. எந்த ரீடர், எந்த மென்பொருள் என்று மாதக்கணக்கில் விலைகேட்டுக்கொண்டிருந்தோம். கேட்டிருக்க வேண்டியது, டேக் பெட்டியின் எந்த இடத்தில், வேலையின் எந்தக் கட்டத்தில்.

இடம் என்றால் நார் முடிவு மட்டும் அல்ல. ஒரு வகைப் பெட்டியில் வாய் வளையாமல் இருக்கக் கடைக்காரர் கேட்டு விளிம்புக்குள் கம்பி வைக்கிறோம். தொங்கட்டி கம்பியை ஒட்டித் தொங்கினால் வாசிப்புத் தூரம் சட்டென்று குறைந்தது. நூலை இரண்டு விரல் அளவு நீட்டிக் கட்டினோம், சரியாகிவிட்டது. இரண்டு விரல் நூல்! அதற்காக உலோகத்தில் ஒட்டும் தனி டேக் வாங்கச் சொன்ன ஆட்களும் உண்டு, அதன் விலையில் சாதாரண டேக் பல வாங்கலாம்.

கட்டம் என்பது இன்னும் பெரிய விஷயம். முதலில் லொறி வருவதற்கு முதல் நாள் இரவு எல்லோரும் இருந்து கட்டினோம். அடுக்கியதைப் பிரித்து, கட்டி, திரும்ப அடுக்கி, அதில்தான் பெட்டி நசிந்தது, டேக் மாறியது, ஆட்கள் களைத்தார்கள். 2003இன் ஆட்கள் செய்த அதே பிழை, அவர்களாவது கார்ட்டனுக்கு ஒன்று ஒட்டினார்கள், நாங்கள் பெட்டிக்கு ஒன்று. இப்போது தரம் பார்த்து நுனி வெட்டுகிற மேசையிலேயே கட்டுகிறோம். அந்த மேசையில் எப்படியும் ஒவ்வொரு பெட்டியும் ஒரு ஆளின் கையில் ஒரு முறை சுற்றுகிறது, விளிம்பு முழுக்கப் பார்க்கப்படுகிறது, நார் முடிவு கண்ணில் படுகிறது, அந்த நேரத்தில் ஒரு முடிச்சு. தரத்தில் தவறிய பெட்டிக்கு டேக் வீணாகப் போவதும் இல்லை. இழைக்கிற பெண்களிடமே டேக்கைக் கொடுத்து வீட்டில் கட்டச் சொல்லலாம் என்று முதலாளி ஒருமுறை யோசித்தார், நான் வேண்டாம் என்றேன். பெட்டி காயப்போகிறது, வெயிலில் பரப்புகிறோம், டேக் அங்கே போகத் தேவையில்லை. அதோடு தரத்தில் தவறினால் அந்த எண்ணை யார் தேடிப் பிடித்து அழிப்பது? அதைவிட, கூலி கூட்டாமல் இன்னொரு வேலையை அவர்கள் தலையில் வைப்பது சரியில்லை என்பது என் எண்ணம். கடைக்காரர் எங்கள் தலையில் வைத்தார், நாங்கள் மாமி தலையில் வைத்தால் பிறகு அவருக்கும் எங்களுக்கும் என்ன வித்தியாசம்.

கார்த்திகை மாதத்தில் இன்னொன்று கண்டோம். வடகீழ்ப் பருவ மழை, வெயில் இல்லை, பெட்டி சரியாகக் காயவில்லை. அதே அடுக்கு, அதே திருப்பல், எண்ணிக்கை குறைகிறது. சுழல் கதிரையில் மூன்று சுற்றுச் சுற்றியும் 24 வராத கார்ட்டனைப் பிரித்துப் பார்த்தால் கைக்கே ஓலை ஈரம் தெரிந்தது. அந்தக் கார்ட்டன் அப்படியே கப்பலில் ஏறியிருந்தால் போய்ச்சேரும்போது பூஞ்சணம் பிடித்திருக்கும், முந்தி இப்படி ஏறிப்போய்த் திரும்பி வந்த முறைப்பாடுகள் உண்டு. ரீடர் ஈரமானி அல்ல, அதை நம்பி ஓலை காயவைப்பதை நிறுத்தக்கூடாது, கொஞ்சம் ஈரத்தை அது கண்டுகொள்ளவும் மாட்டாது. ஆனால் மழைக்காலத்தில் முரண்டு பிடிக்கிற கார்ட்டனைத் திறந்து பார்ப்பது இப்போது பழக்கமாகிவிட்டது. இந்த முழு விவகாரத்திலும் கடைக்காரர் கேட்காமல், எங்களுக்கென்று கிடைத்த நன்மைகளில் கொப்பிக்கு அடுத்தது இதுதான்.

காசுக் கணக்கு

வெளிப்படையாகச் சொன்னால், டேக்கால் எங்களுக்கு விலை கூடவில்லை. ஒரு டேக் சில அமெரிக்கச் சதம்தான், ஆனால் 2022இல் ரூபாய் விழுந்த விழுகையில், ஆண்டுத் தொடக்கத்தில் டொலருக்கு 200 ரூபாய் அளவில் இருந்தது மே மாதத்தில் 360ஐத் தொட்டது, டொலரில் வாங்கும் எதுவும் சின்னச் செலவு இல்லை. சரக்கை டொலரில்தான் விற்கிறோம், அதனால் தாங்கியது. உள்ளூர்ச் சந்தைக்கு விற்பவர்கள் யாரும் இதைக் கையில் எடுக்க வேண்டிய தேவை இல்லை, பார்கோட்டே போதும்.

டேக்கை எங்கே வாங்குவது என்பதிலும் எங்களுக்குத் தெரிவு குறைவு. எந்த டேக்கையும் வாங்க முடியாது, கடைக்காரர் சொல்லும் பரிசோதனையில் தேறிய மாதிரிகள் மட்டும்தான். அமெரிக்காவில் ஓபர்ன் பல்கலைக்கழகத்தில் இதற்கென்றே ஓர் ஆய்வுகூடம் இருக்கிறது, எந்த வகைப் பொருளுக்கு எந்த டேக் தேறும் என்று சோதித்துப் பட்டியல் போடுகிறார்கள். பட்டியலில் இல்லாத மலிவு டேக் மேசையில் நன்றாக வாசிக்கும், கடைக்காரர் ஏற்றுக்கொள்ள மாட்டார். ஒரு தடவை வாங்கி அனுபவப்பட்டோம், அந்த றோல்கள் இன்னும் பிஸ்கட் ரின்னில் இருக்கின்றன.

டெபிட் நோட் முற்றாக நின்றுவிட்டதா என்றால் இல்லை. கடைசியாக வந்தது கார்ட்டன் ஒன்றில் ஒரு பெட்டி குறைவு என்று. எங்கள் பக்கம் சுழல் கதிரையில் 24 வாசித்த பதிவு, நேரத்தோடு, எண்களோடு இருந்தது. அனுப்பினோம். முன்பெல்லாம் அவர்கள் சொன்னதே கணக்கு, எங்களிடம் காட்ட ஒன்றும் இருக்காது. இந்த முறை கழித்த காசைத் திருப்பிப் போட்டார்கள். முதலாளி அந்த மின்னஞ்சலை அச்சடித்து ஸ்டோர் கதவில் ஒட்டியிருக்கிறார்.

இப்போது அதே கடைக்காரர் குட்டானில் அடைத்த பனங்கட்டியை (பனை வெல்லம்) பார்ப்பதற்கு அனுப்பச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். ஓலைக் குட்டான், கைக்குள் அடங்கும், விளிம்பு இல்லை, நார் முடிச்சு இல்லை, உள்ளே முழுக்கக் கட்டி, மழைக்காலத்தில் காற்றில் இருக்கிற ஈரத்தையெல்லாம் இழுத்துக் கசிகிற பொருள். ஒன்றில் டேக்கை ஒட்டிப் பார்த்தேன், ரீடரை முகத்துக்கு நேரே கொண்டுபோனால்தான் வாசிக்கிறது. ஒரு குட்டானை மாமியிடம் கொடுத்தேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், அடியைப் பார்த்தார், மேலே ஓலையை மடித்துக் கட்டியிருக்கிற நுனியை நிமிர்த்திப் பார்த்தார்.

"இந்தத் தலைப்பிலை நீட்டிக் கட்டினா என்ன?" என்றார். நூல் எடுக்கப் போனேன்.